நாய்மீன் வாங்கிய நற்சான்று

பாஸ்டன் நகரில் மாசசூசெட்ஸ் மாநிலப் பிரதிநிதிகள் சபையின் அரங்கில் 1784-ஆம் ஆண்டு ஒரு மரமீனைத் தொங்கவிட்டார்கள். பைன் மரத்தில் செதுக்கிய காட் மீன். ஏறக்குறைய ஐந்தடி நீளம். மாநிலத்துக்கே சோறு போட்ட மீனுக்குச் செய்த மரியாதை அது. 'புனித காட்' என்றே பெயர். 1933-இல் கல்லூரி மாணவர்கள் சிலர் குறும்புக்காக அதைத் திருடிக்கொண்டு போனபோது ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. அதே கடலிலிருந்து அதே வலையில் இன்னொரு மீனும் ஏறி வந்துகொண்டிருந்தது. அதற்கு யாரும் சிலை வைக்கவில்லை. அதன் தலைக்கு விலை வைக்கலாமா என்றுதான் யோசித்தார்கள்.

அது ஒரு சுறா. மூன்றடிக்குச் சற்றுக் கூடுதலாக வளரும், சாம்பல் நிறம். முதுகில் இரண்டு துடுப்புகள், ஒவ்வொன்றின் முன்னாலும் லேசான நஞ்சுள்ள ஒரு முள். தெருநாய்க் கூட்டம்போல் ஆயிரக்கணக்கில் சேர்ந்து வேட்டைக்குக் கிளம்பும். அதனால் மீனவர்கள் வைத்த பெயர் டாக்ஃபிஷ், நாய்மீன். தூண்டில் கயிறு கடலில் இறங்கியதும் இரையைத் தின்றுவிடும். வலையில் மாட்டிய காட் மீனைக் கடித்துக் குதறிவிடும். அதைக் கழற்றப்போன கையில் முள் ஏறினால் நாள் முழுக்கக் கடுக்கும். இருபதாம் நூற்றாண்டு பிறந்த புதிதில், இதைக் கொன்று கொண்டுவருபவருக்கு அரசு சன்மானம் தர வேண்டும் என்ற கோரிக்கை மாசசூசெட்ஸில் வலுத்தது. கொல்வதைவிடத் தின்றுவிட்டால் என்ன என்று வாஷிங்டனில் ஒருவருக்குத் தோன்றும்வரை, இந்தச் சுறாவுக்கு வசவுதான் கிடைத்தது.

அவர் ஹ்யூ ஸ்மித், அமெரிக்க மீன்வளத் துறையின் தலைமை ஆணையர். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. இறைச்சி விலை ஏறிக்கொண்டிருந்தது. கடலில் இலவசமாகத் திரியும் இத்தனை புரதம் வீணாவானேன் என்ற கேள்வி எழுந்தது. 1916-இல் நாடாளுமன்றம் நாய்மீனை உணவாக்கும் வேலைக்கென்றே 25,000 டாலர் ஒதுக்கியது. மீனைத் தகரடப்பாவில் அடைப்பது சுலபமாக இருந்தது. 'நாய்' என்று எழுதிய டப்பாவை வாங்க எந்த வீட்டுக்காரி கை நீட்டுவாள் என்பதுதான் சங்கடம். அதிகாரிகள் கூடி மீனுக்குப் புதுப்பெயர் சூட்டினார்கள்: 'கிரேஃபிஷ்', சாம்பல்மீன். ஊரை ஏமாற்ற அந்த மீன் பூண்ட முதல் வேஷங்களில் அது ஒன்று. ஆனால் வேஷத்தைக் கலைக்கும் வாசனை ஒன்று அதன் ரத்தத்திலேயே இருந்தது.

கடல்நீரின் உப்பை ஈடுகட்டச் சுறாக்கள் தங்கள் உடம்பில் யூரியாவைத் தேக்கி வைக்கின்றன. உயிர் போனதும் அந்த யூரியா சிதைந்து அம்மோனியாவாகிறது. பிடித்த உடனே ரத்தத்தை வடித்துப் பனிக்கட்டியில் புதைத்தால் ருசியான வெள்ளைச் சதை. வெயிலில் போட்டால் மூக்கைப் பிடிக்க வேண்டிய வீச்சம். சுறாவைக் கழுவி, மஞ்சள் போட்டு வேகவைத்துப் புட்டாக்கும் கரையோரக் குடும்பங்களுக்கு இது பழகிய சங்கதி. அமெரிக்கச் சமையலறைக்கு அந்தப் பழக்கமில்லை. போர் முடிந்தது, மாட்டிறைச்சி திரும்பி வந்தது, சாம்பல்மீன் டப்பாக்கள் சந்தையை விட்டுக் காணாமல் போயின. மீன் மறுபடி நாயாகிக் கடலோடு கிடந்தது, பசிபிக் கரையில் யாரோ அதன் வயிற்றைக் கிழித்து ஈரலைத் தனியே எடுத்து வைக்கும்வரை.

நாய்மீனின் ஈரல் பெரியது, எண்ணெய் நிறைந்தது. அந்த எண்ணெயில் வைட்டமின் ஏ இருந்தது. 1940-இல் ஹிட்லரின் படைகள் நார்வேயைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த காட் ஈரல் எண்ணெய் நின்றுபோனது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா முதல் கலிஃபோர்னியா வரை படகுகள் சுறா வேட்டைக்குத் திரும்பின. கனடாக் கரையில் 1944-இல் நாய்மீன் வேட்டை உச்சம் தொட்டது. நேற்றுவரை சபிக்கப்பட்ட மீன், மீனவனுக்கு வீடு கட்டிக் கொடுத்தது. அந்தச் செல்வத்துக்கு முடிவு கட்டியவர் கடலையே காணாத ஸ்விட்சர்லாந்தின் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தார்.

1947-இல் பாசல் நகரத்து ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் ஓட்டோ இஸ்லர் என்ற வேதியியலாளர் வைட்டமின் ஏயைச் செயற்கையாகத் தயாரித்தார். இரண்டொரு ஆண்டுகளில் ஈரல் சந்தை படுத்தது. பிறகு, பயனில்லாத நாய்மீனை ஒழித்துக்கட்டக் கனடா அரசே மானியம் கொடுத்த காலமும் வந்தது. அமெரிக்கப் பள்ளிகளின் உயிரியல் வகுப்பில் அறுத்துப் பார்க்க ஃபார்மலினில் மிதந்தது மட்டுமே அதற்கு மிஞ்சிய பெருமை. அட்லாண்டிக்கின் மறுகரையில் மட்டும் கதை வேறாக இருந்தது. அங்கே அதை வரிசையில் நின்று வாங்கித் தின்றார்கள். என்ன மீன் என்று தெரியாமலே.

இங்கிலாந்தின் மீன் வறுவல் கடைகளில் அதன் பெயர் 'ராக் சால்மன்'. பாறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சால்மனுக்கும் சம்பந்தமில்லை. பிரெஞ்சுக்காரர்கள் தோலுரித்த உடலைச் 'சோமொனெட்', அதாவது குட்டிச் சால்மன், என்றார்கள். ஜெர்மானியர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். வயிற்றுச் சதையை நீளநீளமாகக் கீறிப் புகைபோட்டால் ஓரம் சுருண்டுகொள்ளும். அந்தச் சுருள், மகாகவி ஷில்லரின் சித்திரத்தில் தெரியும் தலைமுடியை யாருக்கோ நினைவூட்டியிருக்கிறது. 'ஷில்லர்லாக்கன்', ஷில்லரின் சுருள்முடி, என்ற பெயர் நிலைத்தது. முதுகுச் சதைக்குக் 'கடல் விலாங்கு' என்று தனிப்பெயர். இத்தனை பெயர்களிலும் இல்லாத ஒரே சொல் சுறா.

புனைபெயர்களில் விற்றே ஐரோப்பா தன் கடலை வழித்தெடுத்தது. 1960-களில் வடகிழக்கு அட்லாண்டிக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 டன் கரையேறியது. பிறகு இறங்குமுகம். ஷில்லரின் சுருள்முடிக்கு ஐரோப்பிய மீன் போதவில்லை. வியாபாரிகள் கடல் தாண்டிப் பார்த்தார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் அமெரிக்கக் கரையில் நடக்கவே நடக்காது என்று எல்லோரும் நம்பியிருந்த ஒன்று நடந்தது.

காட் மீன் தீர்ந்துபோனது.

1602-இல் பார்த்தலோமியூ காஸ்னல்ட் என்ற மாலுமி அந்த முனைக்குக் 'கேப் காட்' என்று பெயர் வைத்தபோது கப்பலே திணறும் அளவுக்கு காட் மீன் ஏறியது. முந்நூற்றுத் தொண்ணூறு ஆண்டு கழித்து, 1992 ஜூலை 2 அன்று, கனடாவின் மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி நியூஃபவுண்ட்லாந்தின் காட் வேட்டைக்குத் தடை அறிவித்தார். ஒரே அறிவிப்பில் சுமார் 30,000 பேர் பிழைப்பை இழந்தார்கள். தெற்கே அமெரிக்க எல்லையிலும் அதே நோய். 1994 இறுதியில் ஜார்ஜஸ் பேங்க் என்ற புகழ்பெற்ற மீன்திட்டின் பெரும்பகுதி மூடப்பட்டது. ஒரு மீனின் அந்தச் சாவிலிருந்து இரண்டு விஷயங்கள் பிறந்தன. ஒன்று கேப் காட்டில், மற்றொன்று லண்டனில். இரண்டும் ஒருநாள் சந்திக்கும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

முதலில் கேப் காட். காட் போனாலும் படகுக் கடன் போகவில்லை. அரசு நிபுணர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: 'குறைவாகப் பயன்படும் இனங்கள்' கடலில் ஏராளம், அவற்றைப் பிடிக்கலாமே. அந்தப் பட்டியலில் நாய்மீன் முன்னால் நின்றது. ஐரோப்பிய வியாபாரி பணத்தோடு காத்திருந்தான். 1980-களின் இறுதியில் சில ஆயிரம் டன்னாக இருந்த அமெரிக்க மீன்பாடு 1996-இல் 6 கோடி பவுண்டு, அதாவது 27,000 டன் ஆனது. சபித்த வாய்களே வாழ்த்தின. ஆனால் வாங்கியவன் ஒரு நிபந்தனை வைத்திருந்தான்: பெரிய மீன்தான் வேண்டும். அந்தச் சின்ன நிபந்தனைக்குள் ஒரு பேரழிவு ஒளிந்திருந்தது.

நாய்மீன் கூட்டத்தில் பெரியவை எல்லாம் பெட்டைகள். ஆண் சிறியது, அதன் வயிற்றில் ஷில்லருக்கு வேண்டிய சதை தேறாது. அட்லாண்டிக் பெட்டை வயதுக்கு வரவே ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டாகும். முட்டையிட்டுவிட்டுப் போகும் மீன் அல்ல அது. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு வயிற்றில் சுமந்து குட்டி போடும். யானையின் சூலோடு போட்டி போடும் கணக்கு. அத்தனை காத்திருப்புக்குப் பலன் சராசரியாக ஆறு குட்டி. காட் மீனோ ஒரே பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டை தள்ளும். லட்சங்களைப் போட்ட மீனே தாங்காத வேட்டையை, ஆறைப் போடும் மீனின் மேல், அதிலும் தாய்களாகப் பொறுக்கி நடத்தினார்கள். கணக்கு வெளியாகக் கொஞ்ச காலம் பிடித்தது.

கேப் காட்டின் ஓரத்தில் வுட்ஸ் ஹோல் என்ற சிற்றூர். அங்குள்ள மீன்வள ஆய்வகத்தின் கப்பல் 1968 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் கடலில் வலையிழுத்து மீன்களை எண்ணி வந்தது. 1997-இல் வலையில் ஏறிய நாய்மீன் குட்டிகள் வழக்கத்தைவிட மிகக் குறைவு. அடுத்த ஆண்டும் அப்படியே. அதற்கடுத்த ஆண்டும். 2003 வரை ஏழு வசந்தங்கள் தொட்டில் ஏறக்குறையக் காலியாகவே கிடந்தது. 1998-இல் அரசு அறிவித்தது: நாய்மீன் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது. துறைமுகத்தில் சிரித்தார்கள். சிரிப்பு நீடிக்கவில்லை.

அதே 1998-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரை இன்னொரு குண்டைப் போட்டது. திருக்கையின் உறவான ஸ்கேட் மீன்களும் அதே வலைகளில்தான் ஏறின. அவற்றில் மிகப் பெரியது ஐந்தடி வரை வளரும் பார்ன்டோர்; களஞ்சியக் கதவு என்று அர்த்தம். சப்பட்டை உடம்பின் அகலத்தைப் பார்த்து வைத்த பெயர். ஒருகாலத்தில் நியூஃபவுண்ட்லாந்து முதல் கேப் ஹேட்டரஸ் வரை சாதாரணமாகக் கிடைத்த அந்த மீன் அழிவின் விளிம்புக்கே போய்விட்டது என்று ஜில் கேசி, ரான்ஸம் மையர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். யாரும் அதைத் தேடிப் பிடிக்கவில்லை. வேறு மீனுக்கு விரித்த வலையில் தானாக வந்து செத்தது. கணக்கெழுதுபவர்கள் எல்லா ஸ்கேட்டையும் ஒரே பெயரில் எழுதினார்கள். சரியான பெயர் இல்லாத மீன் காணாமல் போனாலும் தெரிவதில்லை என்ற பாடம் அங்கே கிடைத்தது. அதை முதலில் நாய்மீன் விஷயத்தில் அமல்படுத்தினார்கள், அதுவும் கோடரியால்.

2000-ஆம் ஆண்டு கூட்டாட்சித் திட்டம் அமலுக்கு வந்தது. ஆண்டுக்கு 6 கோடி பவுண்டு எங்கே, 40 லட்சம் எங்கே? ஒரு படகு ஒரு நடைக்கு 600 பவுண்டு, குளிர்காலத்தில் 300 என்று வரம்பு வைத்தார்கள். எண்ணெய்ச் செலவுக்கே அது கட்டாது. தோலுரிக்கும் கூடங்கள் கதவடைத்தன. கரையிலிருந்து மூன்று மைல் வரை மாநிலத்தின் கடல் என்பதால், அங்கே கூட்டாட்சி விதியிலிருந்து நழுவ ஓர் ஓட்டை இருந்தது. அட்லாண்டிக் மாநிலங்களின் கூட்டு ஆணையம் 2002-இல் தன் திட்டத்தை வகுத்து அதையும் அடைத்தது. 2003-இல் ஸ்கேட் மீன்களுக்கும் தனித்திட்டம் வந்தது. பார்ன்டோரைக் கரைக்குக் கொண்டுவருவதே குற்றமானது. மீனவர்கள் கொதித்தார்கள். அவர்கள் கொதிப்புக்குக் காரணமும் இருந்தது: கடல் முழுக்க நாய்மீனாகத்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

இந்தக் கூச்சலெல்லாம் எட்டாத தூரத்தில், லண்டனில், காட் மீனின் சாவில் பிறந்த இரண்டாவது பிள்ளை மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது. உறைபதன மீனை உலகிலேயே அதிகமாக வாங்கிய நிறுவனங்களில் ஒன்று யூனிலீவர். காட் போனதும் அந்த நிறுவனத்துக்கு வயிற்றைக் கலக்கியது: நாளை விற்க மீன் இருக்குமா? காட்டுயிர்களுக்காகப் பாடுபடும் டபிள்யூ.டபிள்யூ.எஃப் அமைப்புக்கும் அதே கேள்வி, வேறு காரணத்துக்காக. 1996-இல் வியாபாரியும் சூழலியலாளரும் கை குலுக்கினார்கள். அடுத்த ஆண்டே மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் உருவானது. 1999 முதல் அது இருவரையும் சாராமல் தனித்து நின்றது. கடலைக் காலி செய்யாமல் மீன் பிடிப்பவர்களுக்கு அது நற்சான்று தரும். 2000-இல் முதல் சான்று ஆஸ்திரேலியாவின் மேற்குக்கரைச் சிங்கிறாலுக்குப் போனது. இரண்டாவது தேம்ஸ் கழிமுகத்து ஹெர்ரிங்குக்கு. சுறாவுக்குச் சான்று என்று எவரும் அன்று சொல்லியிருந்தால், பூனைக்குப் பால்குடக் காவலா என்று கேட்டிருப்பார்கள்.

காரணம் துடுப்பு. சூப்புக்காகத் துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறியும் கொடூரம் உலகெங்கும் படமாக ஓடிக்கொண்டிருந்தது. சுறா வேட்டை என்றாலே பாவம் என்ற எண்ணம் பரவியது. ஐரோப்பியக் கடலில் நாய்மீன் சரிந்த செய்தி அதோடு சேர்ந்தது. 2007-இல் ஹேக் நகரில் நடந்த சர்வதேச வனவுயிர் வணிக மாநாட்டில் இதன் வணிகத்துக்குக் கடிவாளம் போடும் தீர்மானத்தை ஐரோப்பா கொண்டுவந்தது, தோற்றது. 2010-இல் தோஹாவில் மறுபடியும் கொண்டுவந்தது, மறுபடியும் தோற்றது. அதே ஆண்டு தன் கடலில் நாய்மீனுக்கான அனுமதி அளவைப் பூஜ்யமாக்கியது. தன் வீட்டுப் பானையைக் கவிழ்த்துவிட்ட ஐரோப்பாவுக்கு நாக்கின் ருசி மட்டும் போகவில்லை. அட்லாண்டிக்கின் மேற்கே அப்போதுதான் விசித்திரமான ஒன்று நிகழ்ந்திருந்தது.

2006-ஐ ஒட்டி வுட்ஸ் ஹோல் கப்பலின் வலை திடீரென்று கனத்தது. வளர்ந்த பெட்டைகள் நிறையவே ஏறின. மீனவர்கள் நாங்கள் அப்போதே சொன்னோம் என்றார்கள். விஞ்ஞானிகள் மோவாயைத் தடவினார்கள். இரண்டு ஆண்டுக்கு ஆறு குட்டி போடும் இனம் இத்தனை வேகத்தில் பெருக வழியே இல்லை. இடம் மாறித் திரிந்த மீன்கள் வலையின் பாதையில் வந்திருக்கலாம். ஆனாலும் ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை நிலைத்தது. 2010-இல் அரசு அறிவித்தது: நாய்மீன் வளம் மீண்டுவிட்டது. அந்த அறிவிப்புக்குள்ளேயே விஞ்ஞானிகள் ஒரு முடிச்சையும் போட்டு வைத்தார்கள். தொட்டில் காலியாகக் கிடந்த ஏழு ஆண்டுகளின் கடன் பின்னால் வந்து கதவைத் தட்டும் என்றார்கள். அன்றைய மகிழ்ச்சியில் அது யார் காதிலும் விழவில்லை.

மீன் திரும்பியது, கோட்டா உயர்ந்தது, படகுகள் கிளம்பின. கரையேறிய மீனை விற்பதில்தான் இடி விழுந்தது. உள்ளூரில் தின்ன ஆளில்லை; கிட்டத்தட்ட முழுவதும் ஐரோப்பாவுக்குத்தான் போயாக வேண்டும். ஐரோப்பியக் கடைக்காரருக்கோ சுறா என்ற பெயரே நெருப்பாகச் சுட்டது. அழிந்த இனம் என்று செய்தித்தாளில் வந்த மீனை எப்படித் தட்டில் அடுக்குவது? பழைய காலமாக இருந்தால் இன்னொரு புனைபெயரைத் தேடியிருப்பார்கள். பெயரை மாற்றி விற்கும் வித்தைக்கு இந்த முறை வழியில்லை. மீன் எந்தக் கடலிலிருந்து வந்தது, அங்கே எத்தனை மிச்சம் என்று நிரூபித்தாக வேண்டும். நிரூபிக்க ஒரே வாசல்தான் இருந்தது, லண்டனில்.

அமெரிக்கக் கரையின் பதப்படுத்தும் நிறுவனங்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து விண்ணப்பித்தன. அது கையெழுத்துப் போட்டால் கிடைக்கும் சான்று அல்ல. சுதந்திரமான தணிக்கையாளர்கள் மூன்று கேள்வியோடு வருவார்கள். மீன் போதுமான அளவு இருக்கிறதா? வேட்டை மற்ற உயிர்களைக் கெடுக்கிறதா? விதியும் அதை அமலாக்கும் ஆளும் இருக்கிறார்களா? ஒவ்வொரு கேள்வியும் பல உட்கேள்விகளாகப் பிரியும், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். எதிலாவது 60-க்குக் கீழே விழுந்தால் தோல்வி. மூன்று பிரிவிலும் சராசரி 80 வேண்டும். 60-க்கும் 80-க்கும் நடுவில் நிற்கும் இடங்களைக் கெடுவுக்குள் சரிசெய்வதாக எழுதித்தர வேண்டும். சுறா வேட்டைக்காரர்கள் பரீட்சை மண்டபத்தில் நுழைந்தார்கள். ஆனால் முதல் பரிசை அடித்துக்கொண்டு போனது வேறொருவர்.

2011-இல் உலகிலேயே முதல் முறையாக ஒரு சுறா வேட்டைக்குச் சான்று கிடைத்தது. அது அட்லாண்டிக் அல்ல, பசிபிக்: பிரிட்டிஷ் கொலம்பியாவில் தூண்டிலால் நாய்மீன் பிடித்தவர்கள். ஈரலுக்காகவும் பிறகு மானியத்துக்காகவும் கொன்று குவித்த அதே கரை. அதிலும் ஒரு வேடிக்கை. பசிபிக் மீனும் அட்லாண்டிக் மீனும் ஒன்றே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். சான்று கிடைப்பதற்கு ஓராண்டு முன்புதான், 2010-இல், இரண்டும் வேறு வேறு இனங்கள் என்று ஆய்வாளர்கள் காட்டி, பசிபிக் மீனுக்கு 1850-களில் வைத்துக் கைவிட்ட ஸ்குவாலஸ் சக்லியை என்ற பெயரை மீட்டுக் கொடுத்தார்கள். பெயர் தேடி அலைந்த குடும்பத்தில் ஒருவருக்குச் சொந்தப் பெயரும் நற்சான்றும் அடுத்தடுத்து வந்தன. அந்தச் சான்று நிலைக்கவில்லை, பின்னாளில் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் கதவு திறந்துவிட்டது.

அட்லாண்டிக்கில் தணிக்கையாளர்கள் துருவினார்கள். குட்டி வறட்சியைக் கேட்டார்கள். செவுள் வலையில் மாட்டும் ஹார்பர் போர்பாய்ஸ் என்ற சிறு ஓங்கில்களைக் கேட்டார்கள். அவற்றை விரட்ட வலையில் ஒலியெழுப்பும் கருவி கட்டச் சட்டம் இருந்தது. துடுப்பைப் பற்றிக் கேட்டார்கள். இங்கேதான் நாய்மீன் நெஞ்சை நிமிர்த்தியது. முதுகு இங்கிலாந்துக்கு, வயிறு ஜெர்மனிக்கு, துடுப்பும் வாலும் ஆசியாவுக்கு. உடலைக் கடலில் எறிய யாருக்குப் பைத்தியமா? 2011 ஜனவரியில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், இந்தச் சுறாவின் துடுப்பை உடலோடு ஒட்டியபடியே கரை சேர்க்க வேண்டும் என்று ஆணையிட்டிருந்தது. உலகமே சுறாவின் மேல் சுமத்திய பாவத்திலிருந்து இந்த ஏழைச் சுறாவைக் காப்பாற்றியது, அதன் மலிவான சதைதான்.

2012 ஆகஸ்டில் முடிவு வந்தது: தேறிவிட்டது. செவுள் வலை, இழுவை வலை, நெடுந்தூண்டில் மூன்றுக்கும் சேர்த்துச் சான்று. அந்த ஆண்டின் கோட்டா 3 கோடியே 57 லட்சம் பவுண்டு. பிறகு அதே வலைகளில் ஏறும் ஸ்கேட் மீன்களில் இரண்டு, வின்டர் ஸ்கேட்டும் லிட்டில் ஸ்கேட்டும், நாய்மீனின் சான்றிலேயே வந்து சேர்ந்துகொண்டன. முன்னதன் இறக்கைச் சதை பிரெஞ்சுத் தட்டுக்குப் போகும். பின்னது பெரும்பாலும் சிங்கிறால் கூண்டில் இரையாகும். தூக்குமேடை வரை போன பார்ன்டோரும் 2016-இல் மீண்டதாக அறிவிக்கப்பட்டது. எல்லாம் சுபம் என்று திரை விழ வேண்டிய இடம் இது. பழைய கடன்காரன் கதவைத் தட்டியது அப்போதுதான்.

பிறக்காமல் போன குட்டிகள் வளர்ந்து தாயாகியிருக்க வேண்டிய ஆண்டுகள் வந்தன, தாய்கள் குறைந்தன. 2022-இல் ஏறக்குறைய 3 கோடி பவுண்டாக இருந்த கோட்டா 2023-இல் 1 கோடியே 20 லட்சமாக வெட்டப்பட்டது. அதே 2023-இல், அட்லாண்டிக்கின் மறுகரையில், பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் பூட்டிக்கிடந்த ஐரோப்பிய நாய்மீன் வேட்டை மெல்லத் திறந்தது. திறந்தவர்கள் ஒரு விதியை முன்வைத்தார்கள்: 100 சென்டிமீட்டருக்கு மேல் நீளமானவற்றைக் கரையேற்றக் கூடாது. பெரியதுதான் வேண்டும் என்று கேட்ட அதே கண்டம், பெரியதைத் தொடாதே என்று எழுதிவைத்தது. பெட்டைகளின் கணக்கைப் படிக்க அதற்கு அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

ஹாம்பர்க் மீன்கடையில் கண்ணாடிக்குப் பின்னால் பொன்னிறத்தில் சுருண்டு கிடக்கும் சதைத் துண்டுகளுக்கு இன்றும் ஷில்லரின் முடி என்றுதான் பெயர். இப்படிச் சான்று பெற்ற மீனின் பொட்டலத்தில், கட்டைவிரல் நகமளவு நீல முட்டை வடிவம் ஒன்று ஒட்டியிருக்கும். அதற்குள் சரி என்று டிக் அடித்ததுபோல் ஒரு மீன் கோடு. காய்கறியோடு சேர்த்து அதைக் கூடையில் போடுபவர்கள் ஒருகணம்கூட அந்த நீலத்தைப் பார்ப்பதில்லை. அந்த நீலத்தை ஒட்ட ஒரு காட் கடல் காலியாக வேண்டியிருந்தது. ஏழு ஆண்டுத் தொட்டில்கள் காலியாக வேண்டியிருந்தன. அதன் அருகே, ஐரோப்பியச் சட்டப்படி கட்டாயமாக, சின்ன எழுத்தில் இரண்டு லத்தீன் சொற்கள்: ஸ்குவாலஸ் அகாந்தியஸ். சாம்பல்மீன், பாறைச் சால்மன், குட்டிச் சால்மன், கடல் விலாங்கு என்று நூறாண்டு ஊர் ஊராய் வேஷம் கட்டிய சுறா, கடைசியில் தன் பெயரைச் சொல்லியே விலைபோனது.